பளபள அட்டையில் மைப்பேனா

என் கைப்பைக்குள் எப்போதும் நாலைந்து பேனா கிடக்கும். "என்ன டீச்சர், பேனாக் கடை வைக்கப் போறீகளா?" என்று பிரஸ்ஸில் கேலி பேசுவார்கள். கேலி பேசிய அதே ஆள்தான் அடுத்த நிமிஷம் என் மேஜைக்கு வந்து கையை நீட்டுவார். வாங்கிப் போன பேனா திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. மூடியாவது வருமா என்றால், அதுவும் வராது. யார் வாயிலோ மென்றபடி இருக்கும்.

நான் இப்போது டீச்சர் இல்லை. விருதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. டாக்டர் பேசாத வேலையாகப் பார்க்கச் சொன்னார். அதனால் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு மெய்ப்புப் பார்க்கப் போனேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் என்று எது அச்சுக்குப் போனாலும் முதலில் என் மேஜைக்கு வரும். பிழையைச் சுழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேசாத வேலை என்று பெயர். ஆனால் அங்கே போன பிறகுதான் நான் அதிகமாகக் கத்துகிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரே ஒரு பேனாதான் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாத் தாளும் ஒரே தாள்தான். பிரஸ்ஸில் அப்படியா! தினசரி காலண்டர் கிழிக்கிற தாள் இருக்கிறதே, அதில் ஜெல் பேனாவை வைத்தால் ராகு காலத்தில் வைத்த புள்ளி எமகண்டம் வரைக்கும் பரவும். அதற்குப் பால்பாயின்ட் பேனாதான் சரி, அதையும் அழுத்தாமல் எழுத வேண்டும். லேபிள் தாளின் வழவழப்பில் பால்பாயின்ட் வழுக்கும். எழுத்தின் பாதி விழும், பாதி விழாது. பத்திரிகை அடிக்கிற பளபள அட்டை எல்லாவற்றுக்கும் மேல். அதன் மேல் ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சு மையைக் குடிக்காது. ஜெல் மை அப்படியே ஈரமாக நிற்கும், கை பட்டால் இழுவிக்கொள்ளும். மெல்லிய முனை மார்க்கர் ஒன்றுதான் அதில் உட்கார்ந்த இடத்தில் உட்காரும்.

தினமும் விருதுநகரிலிருந்து போய் வருகிற பஸ்ஸில் எழுத வேறு பேனா. முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு எழுதும்போது ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கினால், ஊசிமுனை ஜெல் பேனாவின் முனை மடங்கி அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். கடைக்காரர் சில்லறை இல்லாமல் கையில் திணிக்கிற மூடி போட்ட பால்பாயின்ட் இருக்கிறதே, அதை எவ்வளவு திட்டினாலும், பஸ்ஸுக்கு அதுதான். சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரம் பையை வைத்துவிட்டால் அதுவும் கக்கும். ஏசப்பா, ஒரு தடவை சிவப்பு மை ஊறிய என் வெள்ளைக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரம்மா, "என்னமும் அடிபட்டுருச்சா?" என்று பதறினார். வீட்டில் சுவரில் தொங்கும் காலண்டரில் பால் வராத நாளைக் குறிக்கப் பென்சில் கட்டிப் போட்டிருக்கிறேன். பேனாவைப் படுக்க வைத்து எழுதினால் மை முனைக்கு இறங்காது. இது தெரியாமல்தான் பாதி வீடுகளில் காலண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு பேனாவை உதறுகிறார்கள்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கோபக்காரர், ஆனால் கையில் இருந்தால் கொடுத்துவிடுவார். அவரிடம் பால்பாயின்ட் கிடையாது, ஜெல் கிடையாது. ஒரே ஒரு மைப்பேனா. தடித்த முனை, கருநீல மை. அது ஆபீஸில் சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு படுத்திருக்கும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும்போது முதல் ஆர்டரை அந்தப் பேனாவால்தான் எழுதுவார். நல்ல காரியம் எதுவானாலும் முதல் கையெழுத்து அதில்தான் விழ வேண்டும். ராசியான பேனாவாம். மற்ற நாளில் அவர் கையெழுத்துப் போடவும் என் பேனாவைத்தான் வாங்குவார். அதுவும் திரும்பாது.

போன வருஷம் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிரஸ்ஸே கல்யாண வீடாக ஆகிவிட்டது. எந்த அட்டை, எந்த நிறம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு நாள் மத்தியானம் அண்ணாச்சி என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பத்திரிகை வாசகத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"டீச்சர், இடது பக்கம் அடியில தாய்மாமன்னு ஒரு வரி தனியாப் போடுங்க. கொஞ்சம் பெருசாவே போடுங்க" என்றார்.

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் என் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்த்திருப்பார். அண்ணாச்சிக்கும் அவர் மனைவியின் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது பிரஸ்ஸில் மிஷின் துடைக்கிறவர் வரைக்கும் தெரியும். காரியாபட்டியில் தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அக்கா வீட்டுக்கு நேரில் வந்து கூப்பிடாமல் போனில் சொல்லிவிட்டார். "என்னைய என்ன கேஸ் சிலிண்டர் போடுறவன்னு நெனச்சானா, போன்ல வாங்கங்கிறதுக்கு?" என்று அண்ணாச்சி போகவில்லை, மனைவியையும் விடவில்லை. அதிலிருந்து ஆண்டுக்கணக்காக இவர் அங்கே மிதிப்பதில்லை, அவர் இங்கே மிதிப்பதில்லை. நடுவில் அந்த அம்மா கிடந்து தவித்தார். மகள் கல்யாணம் முடிவானதும் கணவரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். தன் தம்பிதான் பிள்ளை கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும் என்று. அண்ணாச்சி சரி என்றுவிட்டார். அதனால்தான் அந்த வரி.

கம்ப்யூட்டரில் வடிவமைக்கிற பொண்ணு அச்சங்குளத்திலிருந்து வருகிறது. கெட்டிக்காரப் பொண்ணு, வாய் மட்டும் பயந்த வாய். அவள் பத்திரிகையை வடிவமைத்து, நிஜ அட்டையிலேயே ஒரு பிரதி எடுத்தாள். புத்தகம் மாதிரி விரித்து மூடுகிற அட்டை. நான் வாசித்து, திருத்தி, மறுபடி வாசித்து, சரி என்று குறித்துக் கொடுத்தேன். இனி அண்ணாச்சி கையெழுத்து விழ வேண்டும். அவர் கையெழுத்து விழுந்த அட்டையில் அவர் திருத்தியதைத் தவிர பிறகு யாரும் எதையும் மாற்றுவதில்லை, அது மறுபடி என் மேஜைக்கும் வராது. எங்கள் பிரஸ்ஸில் வழக்கம் அப்படி.

நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை பழம் வைத்து, அண்ணாச்சி அந்த மைப்பேனாவைத் திறந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா!

"அண்ணாச்சி, இந்த அட்டையில மை காயாது. மார்க்கர் தாரேன், அதுல போடுங்க."

"ஏன் டீச்சர், மக கல்யாணப் பத்திரிகையில மார்க்கர்ல கையெழுத்துப் போடவா? பார்சல் பெட்டியா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலது பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி கையெழுத்தில் எழுத்துகள் லேசாக ஓடும். கடைசியில் அடியில் ஒரு கோடு இழுப்பார் பாருங்கள், அதில்தான் மொத்த அழுத்தமும் இருக்கும். அன்றைக்குச் சந்தோஷத்தில் கோடு இன்னும் நீளமாக வந்தது. ரெண்டு ஊது ஊதினார். "ராகு காலம் வரப் போகுது அண்ணாச்சி" என்று யாரோ சொல்ல, அட்டையை மூடித் தட்டில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். ராகு காலம் கழிந்ததும் அந்தப் பொண்ணு எடுத்துப் போனாள். பத்திரிகை அச்சாகி, கட்டுக் கட்டாக அவர் வீட்டுக்குப் போனது.

குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு, அண்ணாச்சியும் அந்த அம்மாவும் நேரே காரியாபட்டிக்குப் போனார்கள். தாய்மாமனுக்குத்தானே அடுத்தது! மறுநாள் காலையில் அண்ணாச்சி பிரஸ்ஸுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு பத்திரிகை.

"தாய்மாமன் வரி எங்கன?" என்று ஒரு கத்து. மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நான் வாங்கிப் பார்த்தேன். இடது பக்கத்தின் அடி வெறுமையாக இருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிற வீடு, சொந்தப் பத்திரிகையை விரித்துப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. மச்சினன் வாசலுக்கு வந்து வாங்க என்று கூட்டிப் போனாராம், காபி கொடுத்தாராம். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு பத்திரிகையை விரித்து வாசித்தாராம். மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கு எனக்கு வெளியூர்ல ஒரு சோலி கெடக்கு அத்தான். வர முடியுமான்னு தெரியல" என்றாராம். ஏன் இப்படிச் சொல்கிறார் என்று அண்ணாச்சிக்குப் புரியவில்லை. இரவு வீட்டில் வந்து பத்திரிகையை விரித்த பிறகுதான் புரிந்தது.

அந்தப் பொண்ணு தானாகவே எழுந்து வந்தாள். கையில் கையெழுத்துப் போட்ட அட்டை. "நீங்கதான் அந்த வரியக் கோடு போட்டு அடிச்சிருந்தீக அண்ணாச்சி" என்றாள்.

அட்டையை விரித்தோம். தாய்மாமன் என்ற வரியின் குறுக்கே, பெயரின் மேலேயே, ஒரு கருநீலக் கோடு. அந்த மை ஆபீஸில் ஒருவரிடம்தான் உண்டு. அண்ணாச்சி அட்டையையே பார்த்தார்.

"நான் அடிக்கல" என்றார்.

சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் மிஷினைப் பார்த்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பழைய கோபம் வந்து அடித்துவிட்டு, இப்போது மனைவியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரோ என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், நீங்கதான எழுதுனீக! பெருசாப் போடுங்கன்னு நான் சொல்லல?" என்றார். அந்தக் குரல் கோபக்காரர் குரலாக இல்லை. பாவமாக இருந்தது.

அச்சுப் புள்ளியைப் பார்க்கிற லென்ஸ் என் மேஜையில் கிடக்கும். அதைக் கோட்டின் மேல் வைத்துக் குனிந்தேன். கோட்டுக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத மங்கலில், எழுத்துகள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கிற எழுத்துகள். அண்ணாச்சியின் கையெழுத்து!

"அட கர்மமே! உங்க பேனாதான் அண்ணாச்சி" என்று நான் கத்திவிட்டேன். "காயாம மூடி வச்சீகள்ல? அந்தக் கோடு இந்தப் பக்கம் ஒட்டியிருக்கு."

அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு அட்டையை எடுத்து, அதே இடத்தில் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டார். மூடினார். கையை வைத்து அழுத்தினார். திறந்தார். தாய்மாமன் பெயரின் குறுக்கே கோடு விழுந்திருந்தது.

அந்தப் பொண்ணு அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணாச்சி அவளைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள். "ஒங்களுக்கும் அவுகளுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கோபத்துல அடிச்சிட்டீகன்னு நெனச்சேன். கேட்டா எம் மேல வள்ளுன்னு விழுவீக."

அவள் சொன்னதில் பொய்யில்லை. வேறு யார் பெயரின் மேல் அந்தக் கோடு விழுந்திருந்தாலும் அவள் ஓடி வந்து கேட்டிருப்பாள். டீ வந்தது, அண்ணாச்சி குடிக்கவில்லை. பிறகு எழுந்து, "வரியச் சேத்து மறுபடி அடிங்க. இன்னைக்கே வேணும்" என்றார். அடுத்து என்னைப் பார்த்து, "டீச்சர், அந்த ரெண்டு அட்டையவும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார்.

புதிய பத்திரிகையை அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. மை காய்வதற்குள் நாலு தரம் வாசித்தேன். காரில் போகும்போது அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த மனிதர் கத்தினால் பதிலுக்குக் கத்திப் பழகியிருக்கிறேன். பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த அம்மா கூடத்தில் தாம்பூலப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், காபி போடட்டுமா?" என்றார். நான் அட்டையை நீட்டி, லென்ஸையும் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கையெழுத்தையும் கோட்டையும் மூடித் திறந்து காட்டினேன். அவர் அட்டையை வாங்கிக்கொண்டார், லென்ஸை வாங்கவில்லை. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"அப்ப இவுக அடிக்கலையா?" என்றார் என்னிடம்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல. இந்த வரியப் பெருசாப் போடச் சொன்னதே அண்ணாச்சிதான்."

அண்ணாச்சி சுவரோரம் நின்றிருந்தார். "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்துட்டு, ஒண்ணுமே கேக்காம எங்கூடக் காரியாபட்டி வரைக்கும் வந்தியா?"

"கேட்டா சண்ட வரும். கல்யாண வீடு. பிள்ள முகம் வாடிப் போகும்னு இருந்துட்டேன்."

"நீயுமா நான் அடிச்சேன்னு நெனச்ச?"

அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற என்னத்த நெனைக்கச் சொல்றீக?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வேறு ஒன்றையும் நினைக்கத் தெரியாமல் கேட்டார்.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணாச்சி புதிய பத்திரிகை ஒன்றைத் தட்டில் வைத்து, பூவும் பழமும் எடுத்து வைத்தார். அதையெல்லாம் அந்த அம்மா வைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். "கெளம்பு" என்றார்.

இருவரும் காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், கோடு விழுந்த அட்டைகளும் லென்ஸும் கூடத்திலேயே கிடந்தன. அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, அட்டைய விட்டுட்டீக! இதக் காட்டுனாத்தான அவுக நம்புவாக?"

"வேண்டாம் டீச்சர்" என்றார் அவர். "நீங்க பத்திரமா பஸ் ஏறுங்க." கார் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். கையில் இருக்கிற சாட்சியை விட்டுவிட்டுப் போகிற மனிதரை எதில் சேர்ப்பது? விருதுநகர் வந்து சேரும் வரை மனசு அடித்துக்கொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போது போன் வந்தது. அந்த அம்மாதான்.

"தம்பி வாரேன்னுட்டான் டீச்சர்."

"அட்டை இல்லாம எப்படிம்மா நம்புனாக?"

"அட்டையப் பத்திப் பேச்சே எடுக்கலையே இவுக! பேனாவச் சொல்லல, மையச் சொல்லல. உள்ள போயி நின்னுக்கிட்டே, 'மாப்ள, இம்புட்டு நாளா ஒங்கூடப் பேசாம இருந்தது எந் தப்பு. அதான் எல்லாரும் அப்படி நெனைச்சிருக்காக. எம் பிள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர நீ வரணும்'னாக. தம்பி பத்திரிகைய விரிச்சுக்கூடப் பாக்கல. மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. போனை வைக்கவும் இல்லை. நானும் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.